நெல்லைப் படக்கடைகளின் வரலாற்றை எழுத வேண்டும்: எங்கள் குடும்பக் கடையிலிருந்து தொடங்குகிறேன்

ரதவீதி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலி டவுனில் ரத வீதியை ஒட்டி எங்கள் தாத்தா ஆரம்பித்த படக்கடை மூன்று தலைமுறையாக நடக்கிறது. முன்னால் கண்ணாடி, சட்டம், சாமி படம். பின்கட்டில் போர்டு எழுதுகிற வேலை. முன்கூடத்துச் சுவரில் விலைக்குக் கொடுக்காத சில படங்கள் எப்போதும் தொங்கும். அவை அச்சடித்தவை இல்லை. காலண்டருக்காக ஓவியர்கள் கையால் எழுதிய மூலப்படங்கள், நாடகப் படுதா எழுதியவர்கள் சும்மா இருந்த நாளில் எழுதிக் கொடுத்த இயற்கைக் காட்சிகள், இரண்டு கண்ணாடி ஓவியங்கள். ஊர்க்காரர்கள் வந்து நின்று பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போவார்கள். தாத்தா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

இப்போது கட்டடம் கைமாறப் போகிறது. படங்களைச் சென்னையில் விற்றுப் பங்கு பிரிக்கலாம் என்று ஒரு சித்தப்பா சொல்கிறார். அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார் இன்னொருவர். அப்பாவுக்கு இரண்டிலும் மனசில்லை. எனக்கோ, எது நடந்தாலும் அதற்கு முன் இந்தக் கடையின் வரலாறு எழுத்தில் நிற்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஓவியத்தைச் சனங்கள் நின்று பார்த்த இடம், எங்கள் கலைக்கூடம், இந்தக் கடைகள்தான் என்று உறுதியாக நம்புகிறேன். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். கோவில்பட்டி ஓவியர்களைப் பற்றி முக்கியமாக.

கரிசல்மண் எழுதியது:

தம்பி, கோவில்பட்டியிலிருந்து எழுதுகிறேன். உங்கள் கடைச் சுவரில் இருக்கும் காலண்டர் மூலப்படங்கள் பெரும்பாலும் எங்கள் ஊர் வழியாக வந்தவையாகத்தான் இருக்கும். 1986-இல் மாவட்டம் பிரிகிற வரைக்கும் நாங்களும் திருநெல்வேலி மாவட்டம்தானே.

காலண்டர் சாமி படங்களுக்குப் பேர்போன எங்கள் ஊர் ஓவியர் சி. கொண்டையராஜு 1898-இல் மயிலாப்பூரில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர். துறவு மனசு உள்ளவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனிகளில் படுதா, அதாவது மேடைத் திரை, எழுதப் போனார். அப்படி ஒரு கம்பெனியோடுதான் 1942-இல் கோவில்பட்டிக்கு வந்தார். வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். தேவி ஆர்ட் ஸ்டூடியோ அப்படி உருவானது. 1976-இல் காலமாகும் வரை ஊரை விட்டுப் போகவில்லை.

அவர் வளர்ந்த தொழிலைப் புரிந்துகொண்டால்தான் படங்கள் புரியும். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) பிறந்தது தூத்துக்குடிப் பக்கம். அவர் நாடகங்கள் தென்மாவட்டம் முழுக்க ஊர் ஊராக நடந்தன. ஒவ்வொரு கம்பெனிக்கும் தர்பார், காடு, தெரு, நந்தவனம் என்று தனித்தனிப் படுதா வேண்டும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் தூண் தூணாகத் தெரிய வேண்டும், அருவி அருவியாகத் தெரிய வேண்டும். அந்தக் கை பழகிய கொண்டையராஜுதான் பின்னால் சாமி படம் எழுதினார். கொண்டையராஜு எழுதிய லட்சுமிக்குப் பின்னால் இருக்கும் தடாகத்தையும் முருகனுக்குப் பின்னால் இருக்கும் மலையையும் பாருங்கள், நாடக மேடை தெரியும்.

சுப்பையா, ராமலிங்கம், அருணாசலம் என்று அவரிடம் தொழில் கற்றவர்கள் பலர். இரத்த உறவு இல்லாவிட்டாலும் அது குடும்பமாகத்தான் இயங்கியது. ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே வேலை. குரு கோடு போடுவார், ஒருவர் நகை எழுதுவார், ஒருவர் பின்புலம் எழுதுவார், முகமும் கண்ணும் கடைசியில் குரு கையால் வரும். பட்டறைகளில் இப்படி வேலையைப் பிரித்துச் செய்வது வழக்கம். ஆகவே ஒரு படத்தை ஒரே ஆளின் கைவேலை என்று சொல்லத் தயங்குவேன். ஒரு பட்டறையின் கைவேலை என்று எழுதுங்கள்.

பாளைக்காரர் எழுதியது:

ரதவீதி, உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் ஒன்றைத் தெளிவாகக் கேட்க வேண்டும். படக்கடையைக் கலைக்கூடம் என்று சொல்லிவிட்டால், சாமான் விற்கிற இடத்துக்கும் கலையைத் தேர்ந்து வைக்கிற இடத்துக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடாதா? காலண்டர் படம், ஓவியர் ரவிவர்மா 1894-இல் பம்பாயில் கல்லச்சுக்கூடம் ஆரம்பித்து ஊரெங்கும் பரப்பிய பாணியின் தொடர்ச்சி. அந்த லட்சுமியும் சரஸ்வதியும் வந்த பிறகு எல்லாரும் அதையேதான் திரும்பத் திரும்ப எழுதினார்கள். நம் ஊர் என்பதற்காக மட்டும் உயர்த்திப் பிடிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

கரிசல்மண் எழுதியது:

ரவிவர்மா இல்லாமல் இது இல்லை, அதில் சண்டையே கிடையாது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் ஐயா. ரவிவர்மாவின் லட்சுமி ஒரு பெண்ணாக நிற்கிறாள், அழகான பெண். கொண்டையராஜுவின் அம்மன் சன்னதியில் திரை விலகினதும் தெரிகிற அம்மன். நேராக நம்மைப் பார்க்கிறாள். மூக்குத்தி, மாங்காய் மாலை, மாலை கட்டின விதம், எல்லாம் நம் கோயில் அலங்காரம். வீட்டுச் சுவரில் மாட்டிச் சூடம் காட்டுவதற்கு எந்தப் படம் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இதை நகல் என்று ஒதுக்க முடியாது. கனடாவைச் சேர்ந்த மானுடவியலாளர் ஸ்டீபன் இங்லிஸ் அவரைப் பற்றி ஆய்வு செய்து விரிவாக எழுதியிருக்கிறார். நாம்தான் இன்னும் தொடங்கவில்லை.

ரதவீதி எழுதியது:

பாளைக்காரர் ஐயா கேட்டது நியாயமான கேள்வி. தாத்தா தேர்ந்து வைத்தாரா என்றால், ஆமாம்.

கடையில் இரண்டு விதப் படம் இருந்தது. வியாபாரப் படம் கட்டுக் கட்டாகச் சிவகாசியிலிருந்து வரும். ஆனித் தேரோட்டச் சமயத்தில் காந்திமதி அம்மன், நெல்லையப்பர். கார்த்திகை பிறந்தால் ஐயப்பன். தையில் புது வீட்டுக்காரர்களுக்கு லட்சுமி, விநாயகர். பாளையங்கோட்டையிலிருந்து மாதா படத்துக்கும் இயேசு படத்துக்கும் சட்டம் போட வருவார்கள், மேலப்பாளையத்திலிருந்து மக்கா, மதினா படத்துக்கு. எந்தப் படத்துக்கு எந்தச் சட்டம் என்பது தாத்தாவுக்குக் கணக்கு. பூஜை அறைக்குப் பித்தளை நிறக் கரை. வீட்டில் தவறிப்போன பெரியவர் படத்துக்குக் கறுப்பு மரச்சட்டம், தேக்கு. இரண்டையும் மாற்றிக் கேட்டால் செய்ய மாட்டார். அதற்காக வந்த ஆளைத் திருப்பி அனுப்பியும் இருக்கிறார்.

சுவரில் மாட்டிய படங்கள் வேறு. அவற்றைத் தைப் பொங்கலுக்கு முன்னால் இறக்கித் தூசி தட்டி இடம் மாற்றுவார்கள். இது கிழக்கு வெளிச்சத்தில் நிற்காது, இது கல்லாவுக்கு எதிரே வேண்டாம் என்று அவரே சொல்லிச் சொல்லி மாட்டச் சொல்வார். போர்டு எழுதப் பழக வரும் பையன்களை முதல் வாரம் தூரிகையைத் தொட விடாமல் அந்தப் படங்களுக்கு முன்னால் உட்கார்த்திவிடுவார். பார், விரலை எப்படி எழுதியிருக்கான் பார் என்பார். அந்தச் சுவர் அவர்களுக்குப் பள்ளிக்கூடம். அங்கே பழகியவர்கள் டவுனிலும் ஜங்ஷனிலும் தனியாக ஆர்ட்ஸ் வைத்தார்கள். பிளெக்ஸ் வந்த பிறகு எல்லாரும் தூரிகையைக் கீழே வைத்தார்கள். எங்கள் பின்கட்டும் அப்போதுதான் மூடியது.

சிவகாசி லித்தோ எழுதியது:

மூலப்படம் கடைக்கு எப்படி வந்தது என்பதை நான் சொல்கிறேன், அச்சகத்தில் வேலை பார்த்தவன்.

சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் 1920-களில் ஆரம்பித்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அப்படித்தான் லித்தோ, அதாவது கல்லச்சு, வந்தது. காலண்டர் பிறகு சேர்ந்துகொண்டது. ஆரம்ப காலத்தில் படத்தைக் கல்லில் எழுதுவார்கள், நிறத்துக்கு ஒரு கல். லித்தோ ஆர்ட்டிஸ்ட் மூலப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மஞ்சள் எங்கே எவ்வளவு, சிவப்பு எங்கே எவ்வளவு என்று கண்ணாலேயே பிரித்துப் புள்ளி புள்ளியாக வைப்பார். கோவில்பட்டியில் எழுதிய முகம் சிவகாசியில் இன்னொருவர் கை வழியாகத்தான் அச்சுக்குப் போனது. அவர்கள் பெயர் எந்தப் படத்திலும் கிடையாது. பிறகு அச்சுக்காகப் படம் பிடிக்கிற பிராசஸ் கேமரா வந்தது, பில்ட்டர் போட்டு நான்கு நிறமாகப் பிரித்தோம், ஆப்செட்டுக்குப் போனோம்.

அடுத்த வருஷக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் ஆடி 18-க்கு வெளியாகும், இன்றைக்கும் அதுதான் வழக்கம். அதற்குள் புதுப் படங்கள் தயாராக வேண்டும் என்பதால் ஓவியர்களுக்கு எப்போதும் அவசர வேலை. மூலப்படம் அச்சுக்காக எழுதப்படுவது. அச்சேறியதும் அதன் வேலை முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். ஓரத்தில் பென்சில் குறி, கேமராவுக்கு ஒட்டிய டேப், சில இடங்களில் பொறுமையில்லாமல் வெள்ளை பூசித் திருத்திய தடம். பீரோவில் அடுக்கி வைப்போம், இடம் போதாதபோது பழையதைக் கழிப்போம். மழையில் நனைந்தவை, கரையான் தின்றவை எத்தனையோ. உங்கள் தாத்தா மாதிரி படக்கடைக்காரர்கள் சரக்கு எடுக்க வரும்போது அண்ணாச்சி இதை நான் கொண்டுபோகலாமா என்று கேட்டு வாங்கிப் போவார்கள். அப்படிப் போனவைதான் பிழைத்தன. நான் எழுதுவது உங்கள் கடையைப் பாராட்டுவதற்காக இல்லை. தொழில் கைவிட்டதைக் காப்பாற்றியவர்கள் யார் என்பது பதிவாக வேண்டும்.

தென்காசிச் சாரல் எழுதியது:

பாளைக்காரர் அண்ணாச்சிக்கு ஒரு பதில் எங்கள் பக்கத்திலிருந்து. நடராசருக்குச் சொல்லும் ஐந்து சபைகளில் இரண்டு நம் சீமையில் இருக்கின்றன. ஒன்று நெல்லையப்பர் கோயில் தாமிர சபை. இன்னொன்று குற்றாலத்தில் இருக்கிற சித்திர சபை. அங்கே நடராசர் ஓவியமாகத்தான் இருக்கிறார். சுற்றிச் சுவரெல்லாம் படங்கள். சனங்கள் படத்தைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, எந்தப் படம் எங்கே என்று பேசிக்கொண்டே போவார்கள். திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள்ளே ஐந்து நிலைகளிலும் ஓவியம், மரச் சிற்பம். கப்பலில் குதிரை வந்து இறங்குகிற காட்சி வரைக்கும் எழுதியிருக்கிறார்கள். படத்தை ஒரு கூடமாகச் சேர்த்து வைத்துப் பார்ப்பது நமக்குப் பழைய பழக்கம். கும்பிடுவதும் ரசிப்பதும் இங்கே ஒரே நேரத்தில் நடக்கும். படக்கடையில் நின்று பார்த்தவர்களும் அந்தப் பழக்கத்தில்தான் பார்த்தார்கள்.

பாளைக்காரர் எழுதியது:

சித்திர சபை பற்றிச் சொன்னது யோசிக்க வைக்கிறது. என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. இந்த மாதிரி வரலாறுகள் பெரும்பாலும் பெரியவர் நல்லவர், காலம் கெட்டுப்போச்சு என்று முடிந்துவிடும். அப்படி எழுதினால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. யார் எழுதினார்கள், எந்தப் பொருளில் எழுதினார்கள், என்ன கூலி, யாரிடம் கற்றார்கள், எந்த வருஷம் எந்த வேலை நின்றது என்று எழுதுங்கள். பற்றுவரவு நோட்டு இருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அப்படி வந்தால் நானே உட்கார்ந்து படி எடுத்துத் தருகிறேன்.

மேலப்பாளையம் வாசகி எழுதியது:

இவ்வளவு பேர் எழுதியும் ஒரு விஷயம் வரவில்லை. இந்தக் கடைகளில் பெண்கள் செய்த வேலை எங்கே?

என் தோழி வீடு ஒரு ஸ்டூடியோ வீடு. மாடியில் அவள் அம்மாவும் பெரியம்மாவும் கறுப்பு வெள்ளைப் போட்டோவுக்குக் கலர் போடுவார்கள். பஞ்சைக் குச்சியில் சுற்றி, ஒளி ஊடுருவும் எண்ணெய் வண்ணத்தைத் தொட்டு, கன்னத்தில் லேசாகத் தேய்த்து எடுப்பார்கள். கல்யாணப் பெண்ணுக்குப் புடவை நிறம் என்ன என்று கேட்டு வந்து அதே நிறம் போடுவார்கள். இறந்தவரின் பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கினால் முகத்தில் புள்ளி புள்ளியாக வரும். அதைப் பென்சிலால் நெகட்டிவிலேயே சரிசெய்வதும் அவர்கள்தான். படக்கடைகளில் சாமி படத்துக்கு ஜிகினா ஒட்டுவது, பட்டுத் துணி வெட்டிப் புடவை கட்டுவது, கண்ணாடிக் கல் பதிப்பது எல்லாம் வீட்டுப் பெண்களின் வேலை. சமையல் முடிந்த மத்தியான நேரத்தில் நடக்கும். கூலி என்று தனியாக யாரும் கொடுத்ததில்லை. கடைப் பெயர்ப் பலகையில் அப்பா பெயரும் மகன்கள் பெயரும்தான் இருக்கும்.

ரதவீதி, உங்கள் வீட்டில் ஆச்சியோ அத்தையோ இருந்தால் முதலில் அவர்களிடம் உட்காருங்கள். அவர்கள் போனால் அந்தப் பாதி வரலாறு யாரிடமும் கிடைக்காது.

வழக்குக்கட்டு எழுதியது:

விற்பதா கொடுப்பதா என்ற பேச்சு வந்ததால் சட்டப்படி சிலதைச் சொல்கிறேன். படம் உங்கள் கையில் இருப்பதும் அதை அச்சடிக்கிற உரிமையும் வேறு வேறு. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியர் இறந்த பிறகு 60 வருடம் உரிமை நிற்கும். 1976-இல் இறந்தவரின் படைப்பு என்றால் 2036 முடிய. ஆனால் பணம் கொடுத்து எழுதச் சொன்ன படமாக இருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எழுதச் சொன்னவரே முதல் உரிமையாளர் ஆகிறார். காலண்டர் படங்களில் பலவும் அந்த வகை. ஆகவே மூலப்படத்தைப் புத்தகமாகவோ அட்டையாகவோ போட நினைத்தால் முதலில் பின்பக்கத்தில் எந்தக் கம்பெனி பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

கண்ணாடி ஓவியம் 100 வருடம் தாண்டியதாக இருந்தால் 1972 தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, பதிவும் தேவைப்படலாம். வாங்க வருகிறவர் இதைச் சொல்லமாட்டார்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஆவணப் பாதுகாப்பில் வேலை செய்கிறேன். யாருக்குக் கொடுப்பது என்று முடிவாகும் வரை படங்கள் கெடாமல் இருக்க வேண்டுமே, அதற்காக எழுதுகிறேன்.

காலண்டர் மூலப்படங்களில் பெரும்பாலானவை தண்ணீரில் கரைகிற வண்ணத்தில் எழுதியவை. தயவுசெய்து ஈரத்துணியால் துடைக்காதீர்கள், ஒரு துடைப்பில் கண்ணின் மை போய்விடும். மென்மையான உலர்ந்த தூரிகை போதும். வண்ணம் உரிகிற இடத்தில் அதையும் தொடாதீர்கள். கண்ணாடி படத்தின் மேல் நேரடியாக ஒட்டியிருந்தால் மழைக்காலத்தில் வண்ணம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். வலிந்து பிரிக்காமல் ஆள் வைத்துச் செய்யுங்கள். பின்னட்டையாகப் பழைய மர அட்டை இருந்தால் அதிலிருக்கும் அமிலம்தான் படத்தைப் பழுப்பாக்குகிறது. மைதாப் பசை இருக்கிற இடத்துக்கு இராமபாணப் பூச்சி வரும். ஆனால் பூச்சி மருந்தைப் படத்தின் மேல் தெளிக்கக் கூடாது.

எதையும் பிரிப்பதற்கு முன்னால் முன்பக்கம், பின்பக்கம், சட்டத்தின் ஓரம் மூன்றையும் நல்ல பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். வெயில் நேராக விழ வேண்டாம். பின்பக்கத்தில் ஆர்டர் எண், அச்சக முத்திரை, தேதி, பென்சில் கணக்கு எது இருந்தாலும் அதுதான் வரலாறு. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு தமிழ்நாட்டுப் பழைய போட்டோ ஸ்டூடியோக்களின் படங்களை டிஜிட்டலாக்கியது. அந்த முறை குடும்பக் கடைகளுக்கு மிகவும் பொருந்தும். படம் குடும்பத்திடமே இருக்கும், பிரதி எல்லாருக்கும் கிடைக்கும். உங்கள் அப்பாவின் மனசுக்கும் இது ஒத்துவரலாம்.

கரிசல்மண் எழுதியது:

இதைத்தான் நானும் சொல்ல நினைத்தேன். விற்றால் படம் நல்ல வீட்டுக்கே போகலாம். ஆனால் தனித்தனியாகப் பிரிந்து போகும். ஒரே சுவரில் இருந்தபோது படுதாக்காரரின் அருவியும் காலண்டர் அம்மனின் பின்னால் இருக்கும் அருவியும் ஒரே கைப்பழக்கம் என்று கண்ணுக்குத் தெரியும். பிரித்துவிட்டால் அது தெரியாது. பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதாக இருந்தாலும் மொத்தமாக, ஒரே தொகுப்பாக, கடையின் பெயரோடு வைப்பதாக எழுத்தில் வாங்குங்கள்.

ரதவீதி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று அப்பாவையும் சித்தப்பாக்களையும் உட்கார வைத்து இந்த இழையை முழுக்க வாசித்துக் காட்டினேன். போட்டோ எடுத்து முடிக்கும் வரை ஒரு படமும் சுவரை விட்டு இறங்காது என்று மூவரும் ஒத்துக்கொண்டார்கள். மொத்தமாகக் கொடுப்பது என்பதில் சின்னச் சித்தப்பா இன்னும் யோசிக்கிறார், அவருக்குக் கடன் இருக்கிறது, அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

பற்றுவரவு நோட்டுகள் பரணில் இருக்கின்றன, பாளைக்காரர் ஐயா. மேலே இருந்த சில கரையானுக்குப் போய்விட்டன, மற்றவை வாசிக்க முடிகிறது. கூலிக் கணக்கு இருக்கிறது. வாசகி அக்கா சொன்னபடி பெரிய அத்தையிடம் பேசினேன். ஜிகினாவும் கல்லும் எந்த மொத்தக் கடையில் வாங்கினார்கள், பசையில் துரிசு எவ்வளவு சேர்த்தார்கள் என்பது வரைக்கும் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஒலிப்பதிவு செய்கிறேன்.

சிவகாசி அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. ஒரு முருகன் படத்தின் பின்னால் பென்சிலில் “நீலம் குறை, மயில் மட்டும் விடு” என்று எழுதியிருக்கிறது. இது ஓவியர் எழுதியதா, கல்லில் நிறம் பிரித்தவருக்காக அச்சகத்தில் எழுதியதா? படத்தை நாளைக்கு இங்கே போடுகிறேன். கையெழுத்தைப் பார்த்து யாராவது அடையாளம் சொல்ல முடிந்தால், பெயரில்லாமல் போன ஒரு லித்தோ ஆர்ட்டிஸ்டின் பெயராவது இந்த வரலாற்றில் சேரும்.